மூணாவது குரல்

எங்க போறீய, அண்ணாச்சி?

மொறைக்காதீய. கெளம்புத ஆளப் பாத்து எங்க போறேன்னு கேக்கப்படாதுன்னு எனக்கும் தெரியும். எங்க அம்மை ஒரு தடவ வாய் தவறிக் கேட்டுட்டான்னு எங்க அய்யா செருப்பக் கழத்திப் போட்டுட்டு உள்ள வந்து, ஒரு செம்பு தண்ணி குடிச்சு, அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தான் திரும்பக் கெளம்புனாவ. அந்த வீட்டுல வளந்தவன் நான். ஆனா இப்ப எல்லாரையும் கேப்பேன். பால்காரன் பால ஊத்திட்டுத் திரும்புனாக்கூட அடுத்து எந்தத் தெருன்னு கேப்பேன். வீட்டுல என்னயக் கோட்டி புடிச்சவங்காவ. சொல்லிட்டுப் போறாவ. நீங்க சொல்லுங்க, எங்க? திருச்செந்தூரா? சரி. எப்பத் திரும்புவீய? சாயங்காலமா. நல்லது. வீட்டுல சொல்லிட்டுத்தான வந்தீய?

இந்த பஸ்ஸு ஆத்தூர் போனதும் நான் எறங்கணும். தங்கச்சி வீடு. இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள ஒரு விசயத்த யார்கிட்டயாவது சொல்லிறணும் பாத்துக்கிடுங்க. பதினெட்டு வருசமா ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. இன்னைக்கிக் காலைல ஒரு போன் வந்துச்சு. அதுலருந்து எனக்குப் பயம். பயந்தான்.

அந்த ஜன்னல் ஷட்டரக் கொஞ்சம் எறக்கி விடுங்க. முள்ளக்காடு தாண்டுனா உப்பளம் வந்துரும். வெள்ளையா, ஒரு மரம் மட்டை இல்லாம கெடக்கதப் பாத்தா நான் கண்ண மூடிக்கிடுவேன். தூத்துக்குடிக்காரன் உப்பப் பாத்துப் பயப்படுதானான்னு சிரிக்கீய. சிரிங்க. காரணத்தக் கேட்டுட்டுச் சிரிங்க.

எம்பேரு தங்கபெருமாள். சங்கு யாவாரம். கடல்ல முங்கி எடுக்குற சங்க வாங்கி, தரம் பிரிச்சு, கல்கத்தாவுக்கு அனுப்புவோம். அங்க அத அறுத்து வளையல் போடுவாவ. அங்கன ஒரு வளையல் கடைக்காரரு ஒரு நா என் கையில ஒரு துண்டக் குடுத்தாரு. டீத்தண்ணி கலர்ல, வழுவழுன்னு இருந்துச்சு. என்னதுன்னேன். ஆனைக் கொம்புன்னாரு. பதறிப்போயிக் கீழ வச்சுட்டேன். ஆனைக் கொம்பத் தொட்டா ஜெயிலுல்லா? அவரு சிரிச்சாரு. இது நம்ம ஆனை இல்லியாம். உலகத்தோட உச்சியில, ரஷ்யாவுக்கு வடக்க, பனிக் கடலுக்குள்ள தீவு தீவா கெடக்காம். அங்க மண்ணுக்குள்ள செத்துக் கெடக்க சடை ஆனையாம். அந்த வம்சமே இப்பக் கெடையாது, பல ஆயிரம் வருசம் ஆச்சு, கோடையில மண்ணு உருகுனா கொம்பு மட்டும் வெளிய எட்டிப் பாக்கும்னாரு.

யாவாரிக்கு அதுக்கு மேல தூக்கம் வருமா? அது எங்கருந்து வருது, யாரு எடுக்கா, நாம நேராப் போனா என்னன்னுதான் மண்டைக்குள்ள ஓடும். எனக்குத் தோதா வீட்டுலயே ஒரு ஆளு இருந்தான். தங்கச்சி சொர்ணத்தோட மாப்பிள்ள. ஆறுமுகநயினார்னு பேரு. ரஷ்யாவுல அஞ்சு வருசம் இன்ஜினியருக்குப் படிச்சவன். அந்தப் பாஷை அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. ஊருக்கு வந்து ஒரு வேலையிலயும் தரிக்காம இருந்தான். நாந்தான் "வா மாப்ள, போயிப் பாத்துட்டு வருவோம்"னு கூட்டிட்டுப் போனேன். நானா கூட்டிட்டுப் போனேன்? அவனுக்கும் ஆசை இருந்துச்சு. ஆசையில்லாமயா ஒருத்தன் அம்புட்டுத் தூரம் வருவான்?

சொர்ணம் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயக் கையில குடுத்து, "அண்ணே, அவியளப் பத்திரமாக் கூட்டிட்டு வந்துருண்ணே"ன்னா. அவ மவ வடிவுக்கு அப்ப ஏழு வயசு. அப்பன் சட்டையப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டு.

ஏரோப்ளேன் நாலு மாறி, ஒரு பெரிய ஆறு கடல்ல விழுத எடத்துல ஒரு ஊரு. அங்கருந்து மோட்டார் போட்டுல ரெண்டு நா. நான் கடலுக்குப் புதுசா? எங்க அய்யா காலத்துலருந்து கடல நம்பித்தான் கஞ்சி. ஆனா அந்தக் கடல் வேற. ஐஸு வீடு வீடா மெதந்து வருது. வந்து போட்ட உரசுது. உரசும்போது பல்லக் கடிக்க மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துலயே எனக்குப் பாதி உசுரு போயிட்டு.

போட்டு ஓட்டுனவன் பேரு ஸ்பிரிதோன். அந்தப் பக்கத்து ஆளு. எனக்கு வாயில நொழையாது, பிரிதோன்னு கூப்பிடுவேன். கொம்பு எடுக்கதே அவனுக்குச் சோலி. அவனும் நானும் பேசிக்கிட எனக்கு ஒரே வாய்தான், மாப்ளயோட வாய். மாப்ள பக்கத்துல இல்லைன்னா அங்கன நான் ஊமை பாத்துக்கிடுங்க. இத மனசுல வச்சுக்கிடுங்க, பொறவு வரும்.

தீவுல எறங்குனா மரம் கெடையாது, புல்லு கெடையாது. முழங்கால் சேறு. கரையெல்லாம் ஒசந்த மண்மேடு, அது பாட்டுக்கு உருகி உருகிக் கடலுக்குள்ள விழுது. மேட்டுல ஒரு பலகைக் குடிசை. அதுக்குப் பின்னால அறுவது எழுவது அடி தள்ளி மேடு முடிஞ்சிரும், கீழ கடலு. எறங்குன அன்னைக்கே பிரிதோன் சேத்துல ஒரு தடத்தக் காமிச்சான். மொறம் அகலம் இருந்துச்சு. வெள்ளக் கரடி. அன்னையிலருந்து நான் வெளிக்கிப் போவக்கூட மாப்ளயத் துணைக்குக் கூப்பிட்டுத்தான் போனேன். சொல்லுததுக்கு என்ன வெக்கம்?

பிரிதோன் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு ரெண்டு சட்டம் சொன்னான். ஒண்ணு, வெளிய போறவன் எங்க போறேன்னு சொல்லணும், இருக்கவன் கேட்டு வச்சுக்கிடணும். எங்க ஊர்ல அப்டிக் கேக்கவே மாட்டோம்னு மாப்ள அவங்கிட்டச் சொன்னான். அவன் சிரிக்கல. "அப்பக் காணாமப் போனா எங்க தேடுவீங்க?"ன்னு கேட்டானாம். ரெண்டாவது, மூடுபனி எறங்குனா கண்ணுக்கு முன்னால கைய நீட்டுனா கை தெரியாது. குடிசையில இருக்கவன் ஒரு காலி எண்ணெய் டின்ன வச்சு அடிச்சுக்கிட்டே இருக்கணும். வெளிய இருக்கவன் அந்தச் சத்தத்தப் புடிச்சு வந்து சேருவான். ஆளு வந்து கதவத் தொடுத வரைக்கும் நிறுத்தவே கூடாது. இத ரெண்டு தடவ சொன்னான்.

இன்னொண்ணு சொல்லணும். அங்க ஆடி மாசம் சூரியன் மறையாது. செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே கெடக்கும். எது ராத்திரி எது பகலுன்னு வாட்ச்சப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடணும். நான் வாட்ச்ச நம்புனேன். மணி பன்னெண்டுன்னா, வெளிய எம்புட்டு வெயில் அடிச்சாலும் எனக்கு அது நடுச்சாமந்தான். வெளிச்சம் இருக்குன்னு நடுச்சாமம் இல்லைன்னு ஆயிருமா?

ஒன்பதாவது நாளு. பிரிதோன் எண்ணெய் எடுக்க மோட்டார் போட்ட ஓட்டிக்கிட்டு அடுத்த கரைக்குப் போயிட்டான். மறுநா வாரேன்னு சொல்லிட்டுப் போனான். குடிசையில நானும் மாப்ளயும். ஒரு துப்பாக்கி.

காலைல பத்து மணிக்கு மாப்ள பூட்ஸ மாட்டுனான். ஒரு பூட்ஸுக்கு நாடா கட்ட எவ்வளவு நேரம் ஆவும்? கட்டுதான், அவுக்கான், திரும்பக் கட்டுதான். எங்க போறேன்னு நான் கேப்பேன்னு பாத்திருக்கான். கேட்டா, "நீங்களும் வாங்க மச்சான்"ம்பான். இல்ல, அதுக்காவ இல்ல. கெளம்புத ஆளக் கேக்கப்படாதுல்லா, அதான். நான் டீயில சீனியக் கலக்கிக்கிட்டே இருந்தேன். கரைஞ்ச பொறவும் கலக்குனேன். "போயிட்டு வாரேன், மச்சான்"னான். "சரி மாப்ள"ன்னேன். அம்புட்டுத்தான். துப்பாக்கிய மறந்து வச்சுட்டுப் போயிட்டான்.

எங்க போனான்னு தெரியாது, நான் கேக்கல, கேக்காதது தப்புன்னு ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். சொர்ணத்துக்கிட்டயும் அப்டித்தான். ஆனா கேட்டுத்தான் தெரியணுமா? அந்த வளைஞ்ச கொம்புக்குத்தான் போயிருப்பான். கெழக்க, கரை மேட்டுல, பாதி வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. முந்தின நா நாந்தான் சொன்னேன், மண்ணு சரிஞ்சா கடலுக்குப் போயிரும் மாப்ள, வேற எவனும் பாத்தா தூக்கிருவான்னு. சும்மா பேச்சுக்குச் சொன்னேன். உடனே போன்னா சொன்னேன்?

சாயங்காலம் நாலு மணிக்கு மூடுபனி எறங்குச்சு. எறங்குச்சுன்னா, கதவத் தெறந்தா கதவுக்கு அங்கிட்டு ஒண்ணுமே இல்ல. வெள்ளை. நான் டின்ன எடுத்தேன். கரண்டிய எடுத்தேன். அடிக்க ஆரம்பிச்சேன். அண்ணாச்சி, நான் அடிச்சேன். சத்தியமா அடிச்சேன். நாலு மணிலருந்து ராத்திரி ஒண்ணரை வரைக்கும் ஒன்பதரை மணி நேரம். உள்ளங்கையில தோலு வழண்டு போச்சு. கைய மாத்தி மாத்தி அடிச்சேன். பாதியில கொஞ்சம் ஊறுகாய நக்கிக்கிட்டு அடிச்சேன். அழுதுக்கிட்டே அடிச்சேன். நான் ஒண்ணும் செய்யலன்னு யாரும் சொல்லக்கூடாதுல்லா.

ஒண்ணரைக்கு ஒரு சத்தம் கேட்டுச்சு. சேத்துல. சதக்… சதக்…

அடிக்கத நிறுத்துனேன். அதுவும் நின்னுச்சு. காத வச்சுக் கேக்கேன், ஒண்ணும் இல்ல. பைய ஒரு அடி அடிச்சேன். சதக், சதக்னு ரெண்டு எட்டு கிட்ட வந்துச்சு. நான் நிறுத்துனேன். அதுவும் நின்னுச்சு. நான் அடிச்சா வருது, நிறுத்துனா நிக்குது. சத்தத்த மோப்பம் புடிச்சு வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. கரடிக்குக் காது கூர்மைன்னு மாப்ளதான் சொல்லிருக்கான். டின்னக் கீழ வச்சேன். சத்தம் வராம, துணிய விரிச்சு அதும்மேல வச்சேன். கதவுக்குப் பொட்டியத் தள்ளி முட்டுக் குடுத்தேன். துப்பாக்கிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மூலையில கம்பளிக்குள்ள சுருண்டுட்டேன். சுடத் தெரியுமான்னு கேக்காதீய. "இது உங்ககிட்டயே இருக்கட்டும் மச்சான், தனியாப் பயந்துருவீய"ன்னுட்டுத்தான வச்சுட்டுப் போனான். நல்ல மனுசன் அண்ணாச்சி. நல்ல மனுசன்.

மறந்துட்டுப் போனான்னா சொன்னேன்? அப்டியா சொன்னேன்? ஒண்ணுதான். எப்டியோ வச்சுட்டுப் போனான்.

அப்பக் கேட்டுச்சு.

"மச்சான்…"

மாப்ள குரலு. அச்சு அசலா அவன் குரலு. எனக்கு மேலெல்லாம் மசிரு நட்டுக்கிட்டு. நீங்களும் நம்ம பக்கத்து ஆளுதான, உங்களுக்குத் தெரியாதா? நடுச்சாமத்துல வெளியருந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டா உடனே பதில் சொல்லலாமா? ரெண்டு தடவதான் அது கூப்பிடும். தெரிஞ்ச குரல்லதான் கூப்பிடும். பதில் சொன்னமோ போச்சு. மனுசன்னா மூணாவது தடவ கூப்பிடுவான். மூணாவது கேட்ட பொறவுதான் ஏன்னு கேக்கணும். எங்க அம்மை பால் குடுக்கும்போதே சொல்லிக் குடுத்தது. மணி ஒண்ணரை. மூடுபனி. கூப்பிட்டது எதுன்னு நான் எப்டிக் கண்டேன்?

"மச்சான்! எங்க இருக்கீய?"

ரெண்டு.

நான் வாயப் பொத்திக்கிட்டுக் காத்துக் கெடந்தேன். மூணாவது வரட்டும், வந்த ஒடனே ஓடிப்போயிக் கதவத் தெறந்துருவேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே கெடந்தேன். நெசமாத் தெறந்திருப்பேன். சதக் சதக்னு குடிசைக்குப் பின்னால போச்சு. பொறவு ஒரு சத்தம், மண்ணு பொலபொலன்னு சரியுத சத்தம். அது அங்க எந்நேரமும் கேக்குற சத்தந்தான். அவ்வளவுதான். மூணாவது வரவே இல்ல.

நீங்களே சொல்லுங்க. அவனும் நம்ம ஊருக்காரந்தான? அவனுக்கும் தெரியும்லா? ஒரு தடவ சேத்துக் கூப்பிட்டா என்ன? தொண்டை தேஞ்சா போயிரும்? எனக்கு இன்னைக்கி வரைக்கும் அவன்மேல அதுதான் வருத்தம்.

மறுநா மதியம் பனி வெலகுச்சு. பிரிதோன் வந்தான். என்னயப் பாத்தான், டின்னப் பாத்தான், டின்னுக்கு அடியில விரிச்சிருந்த துணியப் பாத்தான். என் கையப் புடிச்சுக் குடிசையச் சுத்திக் கூட்டிட்டுப் போனான். சேத்துல தடம் இருந்துச்சு. குடிசையிலருந்து எம்புட்டுத் தூரம்னு கேக்கீயளா? நாம உக்காந்திருக்க எடத்துலருந்து அந்தா டிரைவர் உக்காந்திருக்க எடம். அம்புட்டுத்தான். அங்கன நின்னிருக்கு. அப்டியும் இப்டியும் திரும்பிருக்கு. பொறவு பின்னால போயி, மேடு ஒடிஞ்சு விழுந்த எடத்தோட முடிஞ்சு போச்சு. பிரிதோன் தடத்தக் காமிச்சான், பொறவு தன் பூட்ஸத் தூக்கி அடியக் காமிச்சான்.

கரடிதான் அண்ணாச்சி. கரடித் தடத்துமேல மாப்ளயோட பழைய தடம் கலந்திருக்கும். நாங்க ஒன்பது நா அங்கதான நடந்தோம்?

பிரிதோன் என் மொகத்துக்கு நேரா நின்னு என்னமோ சொன்னான். எனக்குப் புரியல. திரும்ப அதையே சொன்னான். தலைய ஆட்டுனேன். மூணாவது தடவையும் அதையே சொன்னான். சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அதுக்குப் பொறவு ஊரு வந்து சேருத வரைக்கும் ஒரு வார்த்த பேசல. அந்தச் சத்தம் எனக்கு அப்டியே மனப்பாடம். ராத்திரி படுத்தா காதுக்குள்ள ஓடும். அர்த்தம் மட்டும் தெரியாது. எடுத்துச் சொல்ல வேண்டியவன் இல்லியே. உங்க போன்ல சொன்னா அதுவே தமிழ்ல மாத்திச் சொல்லிருமா? வேண்டாம். உள்ள வையுங்க. தயவுசெஞ்சு உள்ள வையுங்க அண்ணாச்சி.

தேடுனாவ, ஆளு கெடைக்கல. ஊருக்கு வந்து கரடின்னு சொன்னேன். சொர்ணம் அழல. "அவிய கடைசியா என்ன சொல்லிட்டுப் போனாவ"ன்னு மட்டும் கேட்டா. "போயிட்டு வாரேன்"னு சொன்னான்னேன். "அப்ப வருவாவ"ன்னுட்டா. அன்னையிலருந்து பதினெட்டு வருசமாத் தாலியும் அறுக்கல, குங்குமத்தையும் அழிக்கல. ஊரு என்னல்லாமோ பேசுச்சு, அவ காதுல வாங்கல. நான் ஒவ்வொரு தடவ அந்த வீட்டுக்குள்ள போவும்போதும் மொத அந்த நெத்தியத்தான் பாப்பேன். குங்குமம் இருந்தா எனக்கு மூச்சு வரும். அது இருக்க வரைக்கும் நான் தப்பிச்சேன்னு இருக்கும். ஏன் அப்டி இருக்கும்னு தெரியல.

இன்னைக்கிக் காலைல வடிவு போன் போட்டா. மெட்ராஸ்ல வேலை. பெரிய பொண்ணு இப்ப. "மாமா, அப்பா பிரிதோனோட நிக்க பழைய போட்டோவ நெட்டுல போட்டுத் தேடி அவிய மவனப் புடிச்சுட்டேன். நேத்து பிரிதோனே பேசுனாவ. கம்ப்யூட்டர்லயே தமிழ்ல மாத்திக் கேட்டோம். அம்மையும் கேட்டா. நீங்க ஒடனே வாங்க மாமா"ன்னா. என்னம்மா சொன்னான்னு கேட்டேன். நேர்ல வாங்கன்னா. திட்டல, அழல. கொரல்ல ஒண்ணுமே இல்ல. வைக்கும்போது, "வரும்போது அம்மைக்கு முந்திரி மக்ரூன் ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க"ன்னா. இந்தா, மடியில இருக்கு. எதுக்கு மக்ரூன்? என்னயத் திட்டணும்னு நெனைக்கவ மக்ரூன் கேப்பாளா? இல்ல, எல்லாம் தெரிஞ்ச பொறவுதான் கேக்காளா? காலைலருந்து இதையேதான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன்.

முக்காணிப் பாலம் தாண்டிட்டா? அதுக்குள்ளயா?

ஷட்டரத் தெறக்காதீய. இடுக்கு வழியாப் பாத்துக்கிடுதேன். அந்தா ஸ்டாப்பு. பச்சச் சேல கட்டி நிக்காளே, அவதான் சொர்ணம். பக்கத்துல வடிவு. எதுக்கு ஸ்டாப்புக்கே வந்து நிக்காவ? எப்பவும் வர மாட்டாவளே. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல அண்ணாச்சி. அவ நெத்தியப் பாருங்க. குங்குமம் இருக்கா? பாத்தீயளா? வேண்டாம். சொல்லாதீய. சொல்லவே சொல்லாதீய.

கேட்டுச்சு, கேட்டுச்சு. கண்டக்டர் ஆத்தூர்ங்கான். எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். ஒண்ணு.

தோளத் தொடாதீய அண்ணாச்சி. இந்தா ரெண்டு. இருங்க. மூணாவது கூப்பிடட்டும், எறங்கிருதேன். நெசமா எறங்கிருதேன்.

பாத்தீயளா. விசில் ஊதிட்டான். மூணாவது கூப்பிடவே இல்ல. நீங்களும் இங்கதான இருந்தீய, நீங்களும் கேட்டீயள்லா? நாளைக்கி யாரும் கேட்டா சொல்லணும். இந்தாங்க, டப்பாவத் தெறங்க, ஒரு மக்ரூன் எடுத்துக்கிடுங்க. நல்ல கடை மக்ரூன்.

என்ன கேட்டீய? நான் எங்க போறேனா?

கெளம்புத ஆளப் பாத்து அப்டிக் கேக்கப்படாது, அண்ணாச்சி.